பழங்கால நாணயம்: முதல் காசை ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன்னால் ரோமாபுரிச் சந்தையில் கைமாறிய ஒரு செம்புக் காசை இன்றைக்குச் சாதாரண வருமானம் உள்ள ஒருவர் விலை கொடுத்து வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடியும். இது பலருக்குத் தெரியாது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால்தான் இதெல்லாம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ரோமப் பேரரசின் காசுச்சாலைகள் கணக்கு வழக்கில்லாமல் காசு அடித்தன. போர் வந்தால், கொள்ளை பயம் வந்தால், ஜனங்கள் காசைப் பானையில் போட்டுப் புதைத்தார்கள். புதைத்தவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. 2010-ல் இங்கிலாந்தில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே ஒரே பானையில் 52,503 ரோமானியக் காசுகள் கிடைத்தன. இப்படிப்பட்ட புதையல்கள் இன்னும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.

பழசு என்றாலே அரிது, அரிது என்றாலே விலை எட்டாது என்ற எண்ணத்தை அதனால் முதலில் விட்டுவிடுங்கள். ஒரு காசின் விலையில் அதன் வயதுக்குப் பங்கு ரொம்பக் குறைவு. எவ்வளவு தேயாமல் இருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், அந்த வகையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. இது புரியாதவரிடம் ஒரு தேய்ந்த செம்புத் துண்டைக் காட்டி, "ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு சார்" என்று சொல்லியே அதிக விலைக்குத் தள்ளிவிடலாம். காசு அசலாகவே இருந்தாலும் அதுவும் ஒரு ஏமாற்றுதான்.

போலி என்பதும் இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் பதுவா நகரில் ஜொவான்னி தா கவினோ ரோமானியக் காசுகளின் பாணியில் அழகழகாக அடித்தார். ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) தன் கையாலேயே எஃகு அச்சு வெட்டி, கிரேக்க, ரோமானியக் காசுகளைப் போல அடித்து விற்றார். புதிதாக அடித்த காசுகளை இரும்புத்தூள் உள்ள பெட்டியில் போட்டு, குதிரை வண்டியில் கட்டிக் குலுங்க விட்டுப் பழசாக்குவார் என்று சொல்வார்கள். அவர் காலத்து நிபுணர்களே ஏமாந்திருக்கிறார்கள். அதனால் புதிதாக வருபவர் தன் கண்ணை மட்டும் நம்பி முதல் காசை வாங்கக் கூடாது. கண் தேறும் வரைக்கும் விற்பவரின் நேர்மையும், எழுத்தில் தரும் உத்தரவாதமும்தான் பாதுகாப்பு. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் பார்க்கப் பழகுங்கள்

வாங்குவதற்கு முன் சில வாரங்களாவது வெறுமனே பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியமும், 1858-ல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் சங்கமும் தங்கள் சேகரிப்பைப் படங்களோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ரோமப் பேரரசர்களின் காசுகளை வகைப்படி தேட 'ஆக்ரே' (OCRE) என்ற தளம் இருக்கிறது. ஏலங்களில் விற்ற காசுகளின் படங்களைத் தேட 'ஏசிசர்ச்' (acsearch) தளம் உதவும். விற்ற விலையைப் பார்க்க அதில் சந்தா கட்ட வேண்டும். விலை விஷயத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள்: கடைக்காரர் கேட்கும் விலை அவருடைய ஆசை. உண்மையில் விற்ற விலைதான் சந்தை நிலவரம்.

எல்லாக் காசையும் மேயாமல் ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டு, அதில் நூறு காசுகளின் படத்தையாவது பாருங்கள். அப்போதுதான் சில விஷயங்கள் கண்ணில் படும். அந்தக் காலத்துக் காசு கையால் அடித்தது. பட்டடைக் கல்லில் ஓர் அச்சைப் பதித்து, அதன் மேல் உலோக வில்லையை வைத்து, இன்னோர் அச்சை மேலே பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அதனால் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். விளிம்பில் சின்ன வெடிப்பு இருக்கும். எழுத்து பாதி வில்லைக்கு வெளியே போயிருக்கும். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள்கூட வில்லையின் வடிவத்திலும், உருவம் விழுந்த இடத்திலும் மாறுபடும். அச்சு வெட்டியவரின் பாணி என்று ஒன்றும் உண்டு. பேரரசரின் கண், மூக்கு, தலைமுடி எல்லாம் ஒரு காசுச்சாலையில் ஒரு மாதிரி இருக்கும். நூறு அசலைப் பார்த்தவருக்குப் போலியின் முகத்தில் என்ன தப்பு என்று சொல்ல வராவிட்டாலும், ஏதோ தப்பாக இருக்கிறது என்பது பட்டென்று தெரிந்துவிடும். எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். என்னைக் கேட்டால், மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

எதில் தொடங்கலாம்?

நான்காம் நூற்றாண்டு ரோமானியச் செம்புக் காசுகளில் தொடங்குங்கள். முதலாம் கான்ஸ்டன்டைனும் அவர் பிள்ளைகளும் அடித்தவை ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. ராணுவக் கொடிக்கம்பத்தோடு இரண்டு சிப்பாய்கள் நிற்பது ஒரு வகை. ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பது இன்னொன்று. கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்துக் காசில் ஒரு ரோமானியச் சிப்பாய், குதிரையோடு விழும் எதிரியை ஈட்டியால் குத்துவான். இவற்றின் பின்பக்கத்தில், அடியில் இருக்கும் சின்ன எழுத்துகள் எந்த ஊர்க் காசுச்சாலை என்று சொல்லும்: ட்ரியர், அந்தியோகியா, அலெக்சாந்திரியா இப்படி. அந்த எழுத்துகளை நீங்களே படித்து ஊரைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

வெள்ளிதான் வேண்டும் என்றால் மூன்றாம் கோர்டியன் (238–244) காலத்துக் காசுகளைப் பார்க்கலாம். பேரரசரின் தலையில் கதிர் கதிராக நீட்டிக்கொண்டிருக்கும் கிரீடம் இருக்கும். 215-ல் பேரரசர் கரகல்லா கொண்டுவந்த இந்த வகைக்கு 'அன்டோனினியானஸ்' என்று பெயர். அடுத்த அறுபது வருடத்துக்குள் இதே காசில் வெள்ளி கரைந்து கரைந்து, மேல்பூச்சு மட்டும் மிஞ்சிய செம்பாகிப் போனது. வரிசையாக நாலைந்து பேரரசர்களின் காசை அடுக்கி வைத்தால் ஒரு பேரரசின் பொருளாதாரம் சரிந்த கதை மேஜை மேலேயே தெரியும். பெரிய காசு பிடிக்கும் என்பவர்களுக்கு பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், செம்புக் காசு நல்லது. 498-ல் பேரரசர் அனஸ்தாசியஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்தவற்றில், பின்பக்கம் பெரியதாக 'எம்' எழுத்து இருக்கும். கிரேக்க எண்முறையில் அது 40-ஐக் குறிக்கிறது.

தொடக்கத்தில் தள்ளி வைக்க வேண்டியவையும் உண்டு. ஏதென்ஸின் ஆந்தைக் காசு, அலெக்சாண்டரின் பெரிய வெள்ளிக் காசு, ஜூலியஸ் சீசர், கிளியோபாட்ரா, பைபிளோடு சேர்த்துப் பேசப்படும், பேரரசர் திபேரியஸின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு, அப்புறம் தங்கக் காசு எதுவானாலும். இவை கூடாதவை என்று சொல்லவில்லை. போலி செய்பவர் தன் உழைப்புக்கு எது லாபமோ அதைத்தான் செய்வார். பெயர் பெற்ற காசுகள்தான் அவருக்கு லாபம். மலிவான காசிலும் போலி வரத்தான் செய்கிறது. ஆனாலும் அங்கே ஏமாந்தால் இழப்பு சிறியது.

யாரிடம் வாங்குவது?

பழங்கால நாணயத்தையே தொழிலாக வைத்திருக்கும் வியாபாரியிடம் வாங்குங்கள். 1951-ல் தொடங்கிய சர்வதேசத் தொழில்முறை நாணயவியலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் தாங்கள் விற்கும் காசு அசல் என்று உத்தரவாதம் தர வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் விதி. 'விகாயின்ஸ்', 'எம்ஏ ஷாப்ஸ்' போன்ற இணையச் சந்தைகளில் வியாபாரிகளைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். இங்கேயும் தவறு நடக்கலாம். நடந்தால் திருப்பிக் கொடுக்க ஆள் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

உத்தரவாதம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "14 நாளில் திருப்பலாம்" என்பது பிடிக்காவிட்டால் திருப்புவதற்கான வசதி. அசல் என்பதற்கான உத்தரவாதம் அதிலிருந்து வேறு. அதற்குக் காலக்கெடுவே இருக்கக் கூடாது. பத்து வருடம் கழித்துப் போலி என்று தெரிந்தாலும் முழுப் பணமும் திரும்பி வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். தளத்தில் அப்படி இல்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல வியாபாரி இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து அவர் எழுதியிருக்கும் விவரத்தைப் படியுங்கள். எந்தப் பேரரசர், எந்த ஆண்டுகள், எந்தக் காசுச்சாலை, எத்தனை கிராம், எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பட்டியலில் எந்த எண், இதெல்லாம் இருக்க வேண்டும். ரோமப் பேரரசர்களின் காசுகளுக்கு 'ஆர்ஐசி' என்று சுருக்கமாகச் சொல்லும் பட்டியல்தான் பொதுவாகப் புழங்குகிறது. அதன் முதல் தொகுதி 1923-ல் வந்தது. படம் நீங்கள் வாங்கப்போகும் அதே காசின் படமாக இருக்க வேண்டும். "படத்தில் உள்ளது மாதிரி" என்றால் நகர்ந்துவிடுங்கள்.

பொது இணையச் சந்தைகளில் கண்ணில் பட்டதும் ஓட வேண்டிய சில அடையாளங்கள் இருக்கின்றன. "தாத்தா வைத்திருந்தது, எனக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது" என்ற கதை. எடையே போடாத விவரம். வாங்கியவர்களின் கருத்துகளை மறைத்து வைத்திருப்பது. ஒரே ஆளிடம் அரிய காசுகள் வாராவாரம் வந்துகொண்டே இருப்பது. சந்தை விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைப்பது. புராதன இடங்களைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது, "இப்போதான் தோண்டி எடுத்தேன்" என்று மண்ணோடு நீட்டுபவரிடம் எதையும் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் போலி. தப்பித் தவறி அசலாக இருந்தால் இன்னும் மோசம். பல நாடுகளில் அது குற்றம்.

சுத்தம் செய்யாத காசுகளை மொத்தமாக விற்பதும் உண்டு. மண் ஒட்டிய ஐம்பது காசில் ஒரு தங்கம் கிடைத்துவிடாதா என்ற ஆசையைத்தான் அங்கே விற்கிறார்கள். ஏற்கெனவே பொறுக்கியெடுத்துவிட்டு மிஞ்சியவைதான் பெரும்பாலும் அதில் வரும். அந்தப் பணத்துக்கு, முகமும் எழுத்தும் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு காசை வாங்குங்கள்.

ஏலத்தில் கேட்பதாக இருந்தால் நீங்கள் சொல்லும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. வாங்குபவரிடமிருந்து ஏல நிறுவனம் தனியாகக் கட்டணம் எடுக்கும். அது ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும். அதற்கு மேல் வரி, அனுப்பும் செலவு, சுங்கம். எல்லாம் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கேளுங்கள். போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற விதியும் ஏல நிபந்தனைகளில் இருக்கும். அதைப் படிக்காமல் கை தூக்காதீர்கள்.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரம் போட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் அது ஒரு தெம்பு தரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறுவனம் அசல் என்பதற்கு உண்மையிலேயே பணப் பொறுப்பு ஏற்கிறதா, வெறும் கருத்துதான் சொல்கிறதா என்று நிபந்தனையைப் பாருங்கள். பெட்டியிலேயே போலி உண்டு. அதில் இருக்கும் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தோடு காசை ஒப்பிடுங்கள்.

காசு கைக்கு வந்த பிறகு

மூன்று கருவிகள் போதும்: 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், விட்டம் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர். இவற்றை முதல் காசுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

எடையில் ஆரம்பியுங்கள். மேலே சொன்ன ஆந்தைக் காசு, அதாவது ஏதென்ஸின் நாலு திராக்மா காசு, நல்ல நிலையில் 17.2 கிராம் அளவில் இருக்கும். ரோமானிய தினாரியஸ் தொடக்கத்தில் நாலரை கிராம் இருந்து, அப்புறம் 3.9 ஆகி, நீரோ காலத்தில் 3.4 அளவுக்கு இறங்கியது. வெள்ளியில் எடையைக் கவனமாகப் பார்த்துத்தான் அடித்தார்கள். வெகுவாகக் குறைந்தாலோ கூடினாலோ கேள்வி கேட்க வேண்டும். செம்புக் காசில் இந்தச் சோதனைக்கு அவ்வளவு பலம் இல்லை. அந்தக் காலத்திலேயே ஒன்றுக்கொன்று எடை ஏறக்குறையத்தான் இருந்தது. வெள்ளிக் காசின் எடை குறைந்து, மேல் தோல் உரிந்த இடத்தில் செம்பு தெரிந்தால் அது அந்தக் காலத்துக் கள்ள நாணயமாகவும் இருக்கலாம். செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்தி அடித்தவை அவை. அவற்றை விரும்பிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். விவரத்தில் அப்படிச் சொல்லித்தான் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் விளிம்பைப் பாருங்கள். அசல் காசிலிருந்து அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலியில், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். அதை அரத்தால் ராவியிருந்தால் அந்த ராவல் தடம் தெரியும். படங்களில் விளிம்பு தெரியாது என்பதால் விற்பவரிடம் விளிம்புப் படத்தைக் கேட்டு வாங்குவது நல்ல பழக்கம்.

மேற்பரப்பை லென்ஸில் பாருங்கள். சம்மட்டி அடியில் உலோகம் வெளிப்பக்கமாக நகரும். எழுத்துகளின் அருகே மெல்லிய கோடுகளாக அந்த ஓட்டம் தெரியும். எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். வார்ப்பில் எல்லாமே மழுங்கி, சோப்புக் கட்டியைத் தடவினது போல வழவழப்பாக இருக்கும். காற்றுக் குமிழி விட்டுப்போன குட்டிக் குட்டி வட்டக் குழிகள் தெரியும். அரிப்பினால் அசலிலும் குழி விழும், ஆனால் அவை ஒழுங்கில்லாமல் கோணல்மாணலாக இருக்கும். சீனத்துச் சதுர ஓட்டைக் காசுகளுக்கு இந்தச் சோதனையைப் போடாதீர்கள்; கி.மு. 118-ல் வந்த 'வூ ஜூ' உட்பட அவை வார்த்தே செய்யப்பட்டவை.

இப்போதெல்லாம் அழுத்த இயந்திரத்தில் அடித்த போலிகளும் வருகின்றன. அவற்றில் வார்ப்பின் அடையாளம் எதுவும் கிடைக்காது. அங்கே ஒரு வழிதான் உண்டு: போலிகளின் படங்களைத் திரட்டி வைத்திருக்கும் தளங்களில் தேடுவது. உங்கள் காசில் இருக்கும் அதே கீறல், அதே வெடிப்பு, அதே ஒதுக்கம் இன்னொரு காசிலும் அப்படியே இருந்தால் இரண்டும் ஒரே தாயிலிருந்து எடுத்த நகல்கள். கையால் அடித்த காசில் அது நடக்கவே நடக்காது.

செம்புக் காசின் களிம்பிலும் ஏமாற்று உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்து ஏறிய பச்சையும் பழுப்பும் உலோகத்தோடு ஒன்றிப்போயிருக்கும். பூசின நிறமாக இருந்தால், பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்ததும் நிறம் பஞ்சில் ஏறிவிடும். தேய்ந்துபோன முடியையும் ஆடை மடிப்பையும் ஊசியால் புதிதாகச் செதுக்கிக் கூர்மையாக்குவதும் நடக்கிறது. காசு அசல்தான், ஆனால் பார்ப்பது பேரரசர் காலத்து வேலை இல்லை. அதன் விலை பாதியைவிடக் குறைய வேண்டும்.

கீழே போட்டுச் சத்தம் கேட்பது, கடிப்பது, சுரண்டிப் பார்ப்பது எதையும் செய்யாதீர்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள்ளே படிகமாகி, விழுந்தால் உடைந்துபோகும் நிலையில் இருக்கலாம். உலோகப் பரிசோதனை இயந்திரத்தின் முடிவையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேய்ந்த பழைய காசுகளை உருக்கியே புதுப் போலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது?

காசு அசலாக இருப்பதோடு, நியாயமான வழியில் வந்ததாகவும் இருக்க வேண்டும். கலாசாரச் சொத்துகளைக் கடத்துவதைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. பல நாடுகள் மண்ணில் கிடைப்பதை அரசுச் சொத்தாகவும், வெளியே கொண்டுபோவதைக் குற்றமாகவும் வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1996-ல் இயற்றிய புதையல் சட்டப்படி, புதையல் என்ற வரையறைக்குள் வருவதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகங்கள் எடுத்துக்கொள்ளாதவை முறையாக வெளியே வரலாம். நாட்டுக்கு நாடு விதி மாறுவதால், நீங்கள் இருக்கும் நாட்டில் வைத்திருப்பதற்கும், வெளியிலிருந்து தருவிப்பதற்கும், அனுப்புவதற்கும் என்ன சட்டம் என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் அலட்சியம் வேண்டாம் என்பதற்கு ஒரு காசின் கதை போதும். சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் அடித்த, இரண்டு குத்துவாளும் ஒரு தொப்பியும் உள்ள காசின் தங்க வகை ஒன்று 2020-ல் லண்டனில் ஏலம் போனது. ஏறக்குறைய 42 லட்சம் டாலர். பழங்கால நாணயத்துக்கு அதுவரை இல்லாத விலை. பிற்பாடு அதற்குக் காட்டிய முந்தைய உரிமையாளர் வரலாறு பொய் என்று புலனாய்வில் தெரிந்தது. 2023-ல் அந்தக் காசு கிரேக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. சின்ன செம்புக் காசுக்கு யாரும் இப்படித் தேடி வரப்போவதில்லை என்று நினைக்கலாம். ஆனால் திருட்டுத் தோண்டலில் காசை மட்டும் பிடுங்கிக்கொண்டு, கூடவே இருந்த கட்டடத்தையும் மண்ணடுக்கையும் நாசம் செய்துவிடுகிறார்கள். அந்த இடம் சொல்லியிருக்கக்கூடிய வரலாறு அதோடு போய்விடுகிறது. பழைய ஏலப் பட்டியலில் வந்தது, பழைய சேகரிப்பில் இருந்தது என்று சான்றோடு வரும் காசுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது சரியான செலவு.

பத்திரப்படுத்துவது

சுத்தம் செய்யாதீர்கள். பல் துலக்கும் பிரஷ், புளி, எலுமிச்சை, மெருகுப் பொடி எதுவும் வேண்டாம். ஏறிய களிம்பு போனால் பாதி மதிப்பு போச்சு. மென்மையான பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பசைபோலப் பச்சை கசிந்து காசைக் கெடுக்கும். அதனால் மைலார் உறை அல்லது அமிலம் இல்லாத காகித உறை வாங்குங்கள். செம்புக் காசில் வெளிர்பச்சையாக, விரலில் ஒட்டும் பொடி பூத்தால் அது குளோரைடு அரிப்பு. அந்தக் காசை உடனே தனியாக எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை அடிக்கடி மாற்றி, பிறகு முழுக்க உலர்த்துவது முதல் சிகிச்சை. ஈரம்தான் இந்த அரிப்புக்குத் தீனி என்பதால் எல்லாக் காசுகளையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வறண்ட இடத்தில் வையுங்கள்.

காசோடு வந்த சீட்டு, ரசீது, உறை எதையும் எறியாதீர்கள். யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எடை, விட்டம், பட்டியல் எண், முந்தைய உரிமையாளர் விவரம் என்று ஒவ்வொரு காசுக்கும் ஒரு பதிவு வைத்து, இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். பின்னால் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும், விற்க நேர்ந்தாலும், உங்களுக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போனாலும் அந்தப் பதிவு காசோடு போக வேண்டும்.